குளிர்காலத்தில் மூன்று நாள் சைக்கிள் பயணம்: ஜப்பானின் ஷிமானாமி வழியை வைத்து ஒரு திட்டம்

வெளிநாட்டில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தூரத்தில்தான் திட்டத்தைத் தொடங்குகிறார்கள். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், மூன்று நாளில் 240 என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப அறைகளையும் பதிவு செய்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் இந்தக் கணக்கு நிற்காது. எத்தனை மணி நேரம் வெளிச்சம் இருக்கும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். தூரத்தைக் கடைசியில் முடிவு செய்யலாம்.

பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஒரு நிஜமான பாதையை எடுத்துக்கொள்கிறேன்: ஜப்பானின் ஷிமானாமி கைடோ. ஹொன்ஷூ தீவில் உள்ள ஒனோமிச்சியையும் ஷிகொக்கு தீவில் உள்ள இமாபாரியையும், நடுவே ஆறு தீவுகளைத் தொட்டு இணைக்கும் பாலச் சாலை இது. 1999இல் திறந்தார்கள். சைக்கிள் வழி சுமார் 70 கிலோமீட்டர். முதல் பாலத்தைத் தவிர மற்றப் பாலங்களில் சைக்கிளுக்குத் தனிப்பாதை உண்டு. தீவுகளுக்குள் சாலை ஓரமாக ஒரு நீலக் கோடு போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். முதல்முறை வெளிநாட்டில் ஓட்டுகிறவருக்கு, அதுவும் குளிர்காலத்தில், நான் தயங்காமல் சொல்லும் பாதை இதுதான். வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் இதே வரிசையில் யோசிக்கலாம்.

இடமும் மாதமும்

ஜப்பானில் குளிர்காலம் என்றதும் ஆளுயரப் பனிதான் நினைவுக்கு வரும். அது நாட்டின் ஒரு பக்கத்துக்கு மட்டும். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, ஹொன்ஷூவின் மலைகளில் மோதி, அந்தப் பக்கமே பனியாகக் கொட்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வெறும் காற்றாக வருகிறதே, கிட்டத்தட்ட அதே கதை. மலைக்குத் தெற்கே, ஷிமானாமி வழி இருக்கும் செதோ உள்நாட்டுக் கடலோரத்தில் குளிர்காலம் காய்ந்துதான் இருக்கும். பனி விழுவது அபூர்வம். ஜனவரியில் பகலில் 9, 10 டிகிரி, அதிகாலையில் 2, 3 டிகிரி.

எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த அளவுக்காவது வானிலையைப் படித்துவிடுங்கள். நாட்டின் சராசரி வெப்பநிலை உதவாது, நீங்கள் போகும் அந்த ஊரின் கணக்கு வேண்டும். வெறும் குளிரைச் சமாளித்துவிடலாம். குளிரோடு மழையும் சேர்ந்தால் புதியவர்களுக்கு மிகவும் கஷ்டம். மத்தியதரைக் கடலோர நாடுகளில் வெயில் இருக்கும் என்று நம்பி டிசம்பரில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அங்கே மழைக்காலமே குளிர்காலம்தான்.

ஷிமானாமிக்கு நவம்பர் கடைசி முதல் டிசம்பர் நடு வரை ஒரு நல்ல காலம், பிப்ரவரி இரண்டாம் பாதி இன்னொன்று. டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது அவர்களுடைய புத்தாண்டு விடுமுறை. சிறு கடைகள், உணவகங்கள், விடுதிகள் பலவும் மூடியிருக்கும்.

வெளிச்சக் கணக்கு

சரி, இப்போது முக்கியமான கணக்கு. டிசம்பர் கடைசியில் ஒனோமிச்சியில் காலை 7:15 மணி வாக்கில் சூரியன் உதிக்கும், மாலை 5 மணி வாக்கில் மறைந்துவிடும். மொத்தம் பத்து மணி நேரம்கூட இல்லை. விடிந்ததும் கிளம்பவும் முடியாது. சாலையில் நிழல் விழும் வளைவுகளிலும் மரப்பலகைகளிலும் அதிகாலையில் உறைபனி படிந்திருந்தால் சக்கரம் வழுக்கும். காலை 9 மணிக்குக் கிளம்புவது நல்லது. மாலை 4 மணிக்குள் விடுதி வாசலில் இருக்க வேண்டும். ஏனென்றால் 4 மணிக்கு மேல் வெயில் சாயச் சாய வெப்பநிலை மளமளவென்று இறங்கும். பகலில் வியர்த்த உடம்பு அப்போதுதான் நடுங்க ஆரம்பிக்கும்.

ஆக, கையில் இருப்பது ஏழு மணி நேரம். சாப்பாடு, தேநீர், படம் எடுப்பது, சட்டையைக் கழற்றுவது, மாட்டுவது, வழி பார்ப்பது என்று இரண்டரை மணி நேரம் போய்விடும். மிச்சம் நாலரை மணி. வாடகை சைக்கிளில், சின்னப் பையோடு, ஏற்ற இறக்கத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் 54 வருகிறது. எதிர்க்காற்று, பஞ்சர், மனசுக்குப் பிடித்த ஓர் இடத்தில் கூடுதலாக அரை மணி என்று கால் பங்கைக் கழித்தால் 40. புதியவருக்குக் குளிர்கால நாள் ஒன்றுக்கு அதுதான் உச்சவரம்பு. கோடையில் ஒரே நாளில் 70 கிலோமீட்டரையும் முடிக்கிறவர்கள் ஏராளம், அவர்கள் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூன்று நாளாகப் பிரித்தால் தீவுகளையும் பார்க்கலாம்.

போய்ச் சேருவது

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு ஜப்பான் சுற்றுலாவுக்கு இ-விசா தருகிறது. விமான நிலையத்தில் அதை இணையத்தில் திறந்து, செல்போன் திரையில் நேரடியாகக் காட்ட வேண்டும். அச்செடுத்த தாளோ, எடுத்து வைத்த படமோ செல்லாது. அதனால் இறங்கியதும் இணையம் வேலை செய்யும்படி இ-சிம் முன்பே போட்டுவிடுங்கள்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் போன்ற ஊர்களில் மாறி ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்துக்குப் போகலாம். அங்கிருந்து ஷின்-ஒசாகா ரயில் நிலையம், பிறகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஃபுகுயாமா, அங்கே உள்ளூர் ரயிலுக்கு மாறினால் 20 நிமிடத்தில் ஒனோமிச்சி. ஷின்-ஒனோமிச்சி என்று ஷின்கான்சென் நிலையம் ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே இறங்க வேண்டாம். வேக ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்காது, துறைமுகத்துக்கும் தூரம்.

போய்ச் சேர்ந்த அன்றைக்கே ஓட்டத் தொடங்காதீர்கள். இரவு விமானத்தில் தூங்காமல் வந்து, பழகாத குளிரில் ஓட்டுவது ஆபத்து. அன்று மாலை சைக்கிள் கடையைப் பார்த்து வையுங்கள், படகுத்துறைக்கு நடந்து பாருங்கள், சீக்கிரம் தூங்குங்கள்.

சைக்கிளும் பெட்டியும்

மூன்று நாளுக்காக ஊரிலிருந்து சைக்கிளைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோவது வீண் வேலை. ஜப்பான் ரயில்களில் சைக்கிளை முழுக்கப் பைக்குள் மூடினால்தான் ஏற்ற விடுவார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வாடகைக்கே எடுங்கள். ஷிமானாமியில் இரண்டு வகை வாடகை உண்டு. ஒன்று, தீவுகள் நெடுகிலும் நிலையம் வைத்திருக்கும் பொது வாடகை சைக்கிள். ஒனோமிச்சியில் எடுத்து இமாபாரியில் விட்டுவிடலாம், நடுவில் முடியாவிட்டால் ஏதாவது ஒரு தீவிலேயே விடலாம். குளிர்காலத்துக்கு இந்த வசதி பெரிய காப்பு. இன்னொன்று, ஜயன்ட் போன்ற கடைகள் தரும் நல்ல கியர் சைக்கிள். எடை குறைவு, உங்கள் உயரத்துக்கு ஏற்ற அளவு கிடைக்கும், வாடகை கூடுதல், முன்பதிவு வேண்டும். மின் உதவி சைக்கிளை எடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும் என்பது பொது வாடகையில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அதை நம்பித் தூரத்தைக் கூட்ட வேண்டாம்.

எடுக்கும்போது பிரேக்கை இரண்டு கையிலும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். சீட்டின் உயரத்தை உங்களுக்குச் சரிசெய்து, முன்விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். விளக்கு இல்லாமல் இருட்டில் ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். வாடகையில் காப்பீடு சேர்ந்திருக்கிறதா, அடுத்தவருக்கு அடிபட்டால் அது ஈடு தருமா என்று கேளுங்கள். எஹிமே உட்படப் பல மாகாணங்களில் சைக்கிளுக்கு அந்தக் காப்பீடு கட்டாயம். இமாபாரி எஹிமேயில்தான் இருக்கிறது.

பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு ஓட்ட வேண்டியதில்லை. தக்யூபின் என்ற வீட்டு விநியோகச் சேவை ஜப்பான் முழுக்க இருக்கிறது. ஒனோமிச்சி விடுதி வரவேற்பில் பெட்டியைக் கொடுத்து, இமாபாரி விடுதி முகவரியை எழுதினால், பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். உங்களோடு ஒரு சின்ன முதுகுப் பை போதும்.

உடை: ஏற்றத்தில் வியர்வை, பாலத்தில் காற்று

ஷிமானாமியில் உடைப் பிரச்சினை முழுவதும் பாலங்களில்தான். ஒவ்வொரு பாலத்துக்கும் சைக்கிள் பாதை கடல் மட்டத்திலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறும். சரிவு 3 சதவீதம் அளவுதான், மூச்சு வாங்காது. ஆனால் ஒரு கிலோமீட்டர் ஏறுவதற்குள் முதுகு நனைந்துவிடும். மேலே போனதும் மரமும் மறைப்பும் முடிந்து, கப்பல் போகும் உயரத்துக்கு மேலே திறந்த வெளியில் நிற்பீர்கள். நனைந்த முதுகில் கடல்காற்று நேராக அறையும். 5 டிகிரி குளிரில் மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது 0 டிகிரி மாதிரிதான் இருக்கும். பாலம் முடிந்ததும் கால் மிதிக்காமல் ஒரு கிலோமீட்டர் இறக்கம், குளிர் இன்னும் கூடும்.

அதனால் ஒரே கனமான ஜாக்கெட் இங்கே உதவாது. மூன்று அடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டியிருக்கும் முதல் அடுக்கு பருத்தி பனியனாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி நல்லது. நடுவில் மெல்லிய ஃபிளீஸ். மேலே காற்றை மட்டும் தடுக்கும் லேசான விண்ட்சீட்டர், முன்னால் முழு ஜிப் வைத்தது. ஏற்றம் தொடங்கும் முன்பே ஜிப்பைத் திறந்துவிடுங்கள், வியர்த்த பிறகு திறந்து பயனில்லை. பாலத்தின் மேடைக்கு வந்ததும், காற்றுக்குள் நுழைவதற்கு முன், நின்று ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து மூடுங்கள். நாள் முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்வீர்கள். சோம்பல்பட்டு ஒரு பாலத்தில் விட்டால் அடுத்த ஒரு மணி நேரம் உடம்பு சூடாகாது.

இதைவிட முக்கியம் கை. விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது, இறக்கத்தில் அது விபத்தில் போய் முடியும். முழு விரல் கையுறை, காற்று புகாத துணியில். போட்டுக்கொண்டு பிரேக்கையும் கியரையும் இயக்கிப் பார்த்து வாங்குங்கள். ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடும் மெல்லிய தொப்பி, கழுத்துக்கு ஒரு துணிக்குழாய், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. மாற்றிக்கொள்ள ஒரு உலர்ந்த முதல் அடுக்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி முதுகுப் பையில் வையுங்கள். மதியம் சாப்பிட உட்காரும் முன் மாற்றிக்கொண்டால் பிற்பகல் முழுக்க உடம்பு உங்களுக்கு நன்றி சொல்லும்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இதையெல்லாம் சோதிக்க முடியாது. ஜனவரியில் ஊட்டியோ கொடைக்கானலோ போய், காலை 7 மணிக்கு அதே உடையோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு நுவரெலியா இருக்கிறது. எந்தக் கையுறை பயன்படும் என்பது முதல் இறக்கத்திலேயே தெரிந்துவிடும். கால் பயிற்சிக்கு ஊரிலேயே அடுத்தடுத்து இரண்டு நாள் தலா 40 கிலோமீட்டர் ஓட்டினால் போதும். இரண்டாம் நாள் சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை ஒன்றை ஊரிலேயே வாங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று நாள்

முதல் நாள் ஒனோமிச்சியிலிருந்து செதோடா, சுமார் 30 கிலோமீட்டர். முதல் தீவான முகாய்ஷிமாவுக்குப் பாலத்தில் போக வேண்டாம், அங்கே சைக்கிளுக்குச் சரியான இடம் இல்லை. எல்லோரும் படகில்தான் போவார்கள், ஐந்து நிமிடம். சில்லறை நாணயம் வைத்திருங்கள். அடுத்தது இன்னோஷிமா பாலம். மேலே கார்கள் ஓட, அடியில் கம்பிக் கூண்டு போன்ற கீழ்த்தளத்தில் சைக்கிள் போகும். இன்னோஷிமா, ஹஸ்ஸாக்கு என்ற ஆரஞ்சு வகை முதலில் கண்டெடுக்கப்பட்ட இடம். அந்தச் சுளையை வெள்ளைப் பயற்று விழுதோடு அரிசி மாவுக் கொழுக்கட்டைக்குள் வைத்து விற்கிறார்கள். கசப்பும் இனிப்புமாக இருக்கும், தவறவிடாதீர்கள். பிறகு இகுச்சி பாலம், அதைத் தாண்டினால் செதோடா இருக்கும் இகுச்சிஜிமா. ஜப்பானிய எலுமிச்சைக்குப் பேர்போன தீவு. நீங்கள் போகும் மாதங்களில்தான் காய் மஞ்சளாகப் பழுத்து மரத்தில் தொங்கும். சாலையோரத்தில் ஆளில்லாத சின்ன அலமாரிகளில் மிகான் ஆரஞ்சுப் பைகள் இருக்கும். பக்கத்தில் உள்ள டப்பாவில் காசு போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் பாக்கியம் இது. 100 யென் நாணயங்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் தாத்தாரா பாலத்தில் தொடங்குங்கள். 1999இல் கட்டி முடித்தபோது உலகிலேயே நீளமான கேபிள் தாங்கு பாலம் அது, நடு இடைவெளி மட்டும் 890 மீட்டர். கோபுரத்தின் அடியில் நின்று கை தட்டினால் எதிரொலி கடகடவென்று மேலே ஏறிப் போகும். அந்தப் பக்கம் ஓமிஷிமா. காற்று குறைவாக இருந்தால் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஓயாமாசுமி கோயிலுக்கு ஒரு நடை போய் வரலாம், நடுவில் ஓர் ஏற்றம் உண்டு. பழைய கவசங்களும் வாள்களும் நிறைந்த கருவூலம் அங்கே இருக்கிறது. மதியம் 12 மணிக்கு மேல் ஆகிவிட்டால் அந்தச் சுற்றை விட்டுவிட்டு நீலக் கோட்டிலேயே போங்கள். ஹகாத்தாஜிமாவைக் கடந்து ஓஷிமாவில் தங்குவது என் யோசனை.

மூன்றாம் நாள் தூரம் குறைவு, ஆனால் குருஷிமா பாலம் இருக்கிறது. மூன்று தொங்கு பாலங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து, மொத்தம் 4 கிலோமீட்டர். கீழே நீரோட்டம் சுழித்துக்கொண்டு ஓடுவது மேலிருந்தே தெரியும். இதை முற்பகலில் கடப்பதற்காகத்தான் முந்தைய இரவு ஓஷிமாவில் தங்கச் சொன்னேன். கால் பலம் இருந்தால் காலையில் கிரோசான் குன்றின் மேல் ஏறி முழுப் பாலத்தையும் பார்க்கலாம். 300 மீட்டர் உயரம், ஏற்றம் செங்குத்து, தள்ளிக்கொண்டு போவதில் வெட்கம் வேண்டாம்.

காற்றைப் படிப்பது

ஒவ்வொரு இரவும் மறுநாள் காற்றைப் பாருங்கள். ஜப்பானிய வானிலை அறிக்கை காற்றை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லும். அதை 3.6ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர். 5 என்றால் மணிக்கு 18, கவலையில்லை. 8 என்றால் 29, பாலத்தில் சைக்கிள் பக்கவாட்டில் இழுக்கும், வேகத்தைக் குறைத்துக் கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து ஓட்டுங்கள். 10ஐத் தாண்டினால் புதியவர் அன்று பாலம் ஏற வேண்டாம். காற்று மிக வலுத்தால் பாலத்தில் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் மேற்கும் வடமேற்கும்தான் அதிகம். நேர் மேற்குக் காற்று தொடர்ந்து அடிக்கும் என்று அறிக்கை சொன்னால், திட்டத்தைத் திருப்பி இமாபாரியிலிருந்து தொடங்கலாம், முதுகில் கொஞ்சம் உதவி கிடைக்கும்.

சாப்பாடு

தீவுகளில் உணவகங்கள் மதியம் 2 மணிக்கே மூடிவிடும், குளிர்காலத்தில் வார நாளில் திறக்காமலும் இருக்கும். ஒனோமிச்சியை விட்டுக் கிளம்பும்போதே ஒரு வேளைச் சாப்பாடு பையில் இருக்கட்டும். கொம்பினி எனப்படும் சின்னக் கடைகளில் அரிசி உருண்டை, சூடான பானம், கழிப்பறை எல்லாம் கிடைக்கும். ஆனால் தீவுகளில் அவை அடுத்தடுத்து இருக்காது. விடுதியில் இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லியாக வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகத் தயாராக வேண்டும். காய்கறிக் குழம்பு போலத் தெரிவதும் பெரும்பாலும் காய்ந்த மீனில் எடுத்த தாஷி சாற்றில் செய்ததுதான். செல்போன் கேமராவில் பொட்டலத்தை மொழிபெயர்த்துப் பார்த்து வாங்குங்கள். அறைகளில் வெந்நீர்க் கெண்டி இருக்கும், வெந்நீர் ஊற்றினால் ஆகிவிடும் உப்புமா, சேமியாப் பொட்டலங்கள் நாலைந்து கொண்டுபோங்கள். இறைச்சிப் பொருள்களும் பழங்களும் சுங்கத்தில் மாட்டும், எடுத்துப்போகாதீர்கள். மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முனைப் பிளக், அதற்கொரு மாற்றியும் வேண்டும்.

சட்டம்

வாகனங்கள் இடதுபக்கம் போகும் நாடு என்பதால் நமக்குக் குழப்பமில்லை. தலைகீழான சிவப்பு முக்கோணப் பலகையைப் பார்த்தால் சாலை காலியாக இருந்தாலும் முழுவதும் நிற்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் ஹெல்மெட் போடச் சட்டம் வலியுறுத்துகிறது. 2024 நவம்பர் முதல் ஓட்டிக்கொண்டே செல்போனைக் கையில் பிடித்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 1 லட்சம் யென் வரை அபராதம். வழி பார்க்க வேண்டுமானால் ஓரமாக நின்று பாருங்கள். மது குடித்துவிட்டு ஓட்டினால் தண்டனை இன்னும் கடுமை. குடை பிடித்து ஓட்டுவதும் கூடாது.

நடுவில் நிறுத்த வேண்டி வந்தால்

மழை பிடித்துக்கொண்டால், காய்ச்சல் வந்தால், பாலம் மூடினால் என்ன செய்வீர்கள் என்பதை ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனியாக எழுதிப் பையில் வையுங்கள். அருகில் எந்த வாடகை நிலையம், அது எத்தனை மணிக்கு மூடும், அங்கிருந்து பேருந்து நிறுத்தம் எங்கே, கடைசிப் பேருந்து எப்போது. ஃபுகுயாமாவுக்கும் இமாபாரிக்கும் இடையே இந்தச் சாலையில் விரைவுப் பேருந்து ஓடுகிறது, சில தீவுகளுக்குப் படகும் உண்டு. ஆம்புலன்சுக்கு 119, காவலுக்கு 110. பயணக் காப்பீடு எடுக்கும்போது சைக்கிள் ஓட்டுவதையும் அது ஏற்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

நடுக்கம் நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது, பொத்தான் போட விரல் வரவில்லை என்றால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பக்கத்தில் எந்தக் கடை இருந்தாலும் உள்ளே போங்கள், ஈரச் சட்டையை மாற்றுங்கள், சூடாக எதையாவது குடியுங்கள். பிறகு சைக்கிளை அந்தத் தீவிலேயே ஒப்படைத்துவிட்டுப் பேருந்தில் விடுதிக்குப் போய்விடுங்கள். மறுநாள் காற்று இறங்கியிருந்தால் அதே நிலையத்தில் இன்னொரு சைக்கிள் எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.